மாமனார் தாய்லாந்தில் இருந்தார், பேப்பரில் இல்லை

போன இதழில், அமெரிக்கப் படையில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய டிஸ்சார்ஜ் பேப்பரான டிடி 214-ஐப் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஆள் வெளிநாட்டில் இருந்திருக்கிறார், பேப்பர் இல்லை என்கிறது, என்ன செய்வது? அதனால் இந்த மாதப் பகுதி முழுவதும் அதற்கே. நான் வக்கீல் இல்லை. எங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) படைவீரர் உதவி மையத்தில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன். பார்த்ததையும் செய்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். மாமாவுக்கு வயது 76. 1968 முதல் 1972 வரை விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தார். வியட்நாம் போர் நடந்தபோது இரண்டு தடவை தாய்லாந்தில் உடோர்ன் விமானத் தளத்துக்கு அனுப்பினார்களாம், மொத்தம் ஏழு மாதம். ஆனால் டிடி 214-ல் வெளிநாட்டுச் சேவை என்ற இடத்தில் எல்லாம் சைபர். சர்க்கரை, இதய நோய் இரண்டும் இருக்கிறது. "பேப்பரில் இல்லாததை யார் நம்புவார்கள்" என்று சொல்லி இத்தனை வருடமும் விஏவில் (படைவீரர் நலத்துறை) அவர் எதற்கும் விண்ணப்பிக்கவே இல்லை. பேப்பரைத் திருத்த முடியுமா? – வாசகி, ஹூஸ்டன்

பதில்: முடியும் சகோதரி. ஆனால் அதற்கு முன்னால் அந்த சைபர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், மாமாவிடமும் சொல்லுங்கள். தன்னைப் பொய்யன் என்று அரசாங்கம் எழுதி வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஐம்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிடி 214 என்பது ஒருவர் படையை விட்டு வெளியே வரும் சமயத்தில், முகாமில் ஒரு கிளர்க் கையில் இருந்த கோப்பைப் புரட்டிப் பார்த்து டைப் அடித்த சுருக்கம், அவ்வளவுதான். உங்கள் மாமா தாய்லாந்துக்குப் போனது பெரும்பாலும் டிடிஒய் என்ற தற்காலிகப் பணியாக இருக்கும். மாற்றலாகிப் போகவில்லை. நம் ஊர் ஆபீஸில் 'டூர் போயிருக்கிறார்' என்பார்களே, அந்த மாதிரி. சம்பளமும் கோப்பும் அமெரிக்கத் தளத்திலேயே இருக்கும், ஆள் மட்டும் மூன்று நான்கு மாதம் உடோர்னில் விமானத்துக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். இப்படிப் போனவர்களுக்கு டிடி 214-ல் வெளிநாட்டுச் சேவை ஏறாமல் போனது மிகவும் சகஜம். சைபர் என்பதற்கு 'போகவில்லை' என்று யாரோ விசாரித்துத் தீர்மானித்தார்கள் என்ற அர்த்தமே கிடையாது.

அதனால் ஆதாரம் வேறு பேப்பர்களில் இருக்கும். செயின்ட் லூயிஸில் தேசியப் பணியாளர் ஆவண மையம் இருக்கிறது. எஸ்எஃப் 180 என்ற படிவத்திலோ, தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலோ கேட்கலாம், கட்டணம் இல்லை. மாமா உயிரோடு இருப்பதால் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். டிடி 214 நகல் வேண்டும் என்று மட்டும் எழுதிவிடுவார்கள், கையில் இருக்கிற அதே சைபர் இன்னொரு பிரதியாக வந்து சேரும். பணிக் கோப்பு முழுவதும் வேண்டும், மருத்துவக் குறிப்புகளும் பல் மருத்துவக் குறிப்புகளும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

கோப்பு வந்ததும் முதலில் வருடாந்திர வேலை மதிப்பீட்டு அறிக்கைகளைப் படியுங்கள். மேலதிகாரி ஒருவர், இவர் இன்ன தளத்தில் தற்காலிகப் பணியில் இருந்தபோது நன்றாக வேலை செய்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருப்பார். அந்த ஒரு வரி தங்கம். அடுத்தது பயண உத்தரவு, பயணப்படி வாங்கிய ரசீது. அப்புறம் மருத்துவக் குறிப்பு. காய்ச்சல் என்று ஒரு நாள் போய்க் காட்டியிருந்தாலும் எந்த இடத்து மருத்துவமனை என்று முத்திரை விழுந்திருக்கும். எங்கள் மையத்துக்கு வந்த ஒருவருக்குக் கடைசியில் கைகொடுத்தது பல் பிடுங்கிய சீட்டு. மூலையில் மங்கலான ஊதா மையில் தாய்லாந்துத் தளத்தின் பெயரும் தேதியும். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டிலும் தேடுங்கள். அவர் அம்மாவுக்கு எழுதின கடிதம் இருக்கிறதா? உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கடிதத்தைவிட உறைதான் முக்கியம். அனுப்புநர் முகவரியில் ஏபிஓ சான் பிரான்சிஸ்கோ என்று போட்டு ஐந்து இலக்க எண் இருக்கும். படிக்கிறவர்கள் ஆள் கலிபோர்னியாவில் இருந்தார் என்று நினைத்துவிடுவார்கள். அது ராணுவத் தபால் எண், அந்தந்தத் தேதியில் அந்த எண் எந்தத் தளத்துக்கு உரியது என்று கண்டுபிடிக்க முடியும். கூட வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் அவரிடம் சாட்சிக் கடிதம் வாங்குங்கள். எந்த வருடம், எந்த யூனிட், என்ன வேலை, இவரை எப்படித் தெரியும் என்று அவர் தன் வார்த்தையிலேயே எழுதட்டும். நீங்கள் எழுதி அவரைக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இனி திருத்தம். சின்னப் பிழை, ஆதாரம் கோப்பிலேயே பளிச்சென்று இருக்கிறது என்றால் அந்தந்தப் படையின் பணியாளர் அலுவலகமே டிடி 215 என்ற திருத்தச் சீட்டைக் கொடுத்துவிடும். அவர்கள் மறுத்தால், அல்லது கொஞ்சம் யோசித்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்றால், டிடி 149 படிவத்தில் படை ஆவணத் திருத்த வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1946-இல் வந்த சட்டத்தில் பிறந்த வாரியங்கள் இவை. உட்கார்ந்து தீர்மானிப்பவர்கள் சிவிலியன்கள். தரைப்படைக்குத் தனி, விமானப் படைக்குத் தனி, கடற்படைக்கும் மரீன்களுக்கும் சேர்த்து ஒன்று.

பிழையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 1972-ஐக் கணக்குப் போட்டு மனதை விட்டுவிடாதீர்கள். காலம் கடந்திருந்தாலும் நீதி கருதி எடுத்துக்கொள்ள வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஏன் தாமதம் என்று அந்தப் படிவத்திலேயே கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள்: இந்தக் கட்டம் நிரப்பப்படாததால் என்ன இழக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். போரின் கதை, அரசாங்கத்தின் மேல் உள்ள கோபம் எதுவும் வேண்டாம். "இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை தாய்லாந்து உடோர்ன் தளத்தில் தற்காலிகப் பணியில் இருந்தேன், டிடி 214-ல் அது இல்லை, சேர்க்க வேண்டும், ஆதாரம் இணைப்பு 1 முதல் 4 வரை." இது போதும். எல்லாம் நகல்களாகவே அனுப்புங்கள், அசல் வீட்டை விட்டு வெளியே போகவே கூடாது. பத்து மாதத்துக்குள் பெரும்பாலான வழக்குகளையும் பதினெட்டு மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதனால் பொறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது நான் சொல்லப் போவதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமானது. பேப்பர் திருந்தி வரட்டும், பிறகு விஏவுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். படை வேறு, விஏ வேறு. படைதான் டிடி 214-ஐத் திருத்தும். ஆனால் ஆள் தாய்லாந்தில் இருந்தாரா என்பதை விஏ தானாகவே வேறு ஆதாரங்களை வைத்து முடிவு செய்யலாம், அந்தப் பல் சீட்டையும் மதிப்பீட்டு அறிக்கையையும் சாட்சிக் கடிதத்தையும் பார்த்தே. ஆதாரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் படைவீரர் பக்கம்தான் முடிவு போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் இந்த வாரமே 21-0966 என்ற 'விண்ணப்பிக்க இருக்கிறேன்' படிவத்தைப் போட்டுவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பத்தையும் கொடுத்து அது அனுமதியானால், பணம் அந்த முதல் தேதியை வைத்துக் கணக்காகும். ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போடுவது மாமாவின் கையிலிருந்து போகிற பணம்.

பணியின்போது நச்சுப் பொருள் பட்டவர்களுக்காக 2022 ஆகஸ்டில் கையெழுத்தான பாக்ட் சட்டத்தையும் மாமாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அதற்கு முன்னால் தாய்லாந்துத் தளங்களில் வேலியோரம் காவல் நின்றவர்கள், நாயோடு சுற்றி வந்தவர்கள் போன்றோருக்குத்தான் ஏஜென்ட் ஆரஞ்சு மாதிரியான களைக்கொல்லி பட்டிருக்கும் என்று விஏ ஒத்துக்கொண்டது. மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இப்போது 1962 ஜனவரி 9 முதல் 1976 ஜூன் 30 வரை தாய்லாந்தில் எந்த அமெரிக்க, தாய் தளத்தில் இருந்திருந்தாலும், தளத்துக்குள் எந்த மூலையில் வேலை பார்த்திருந்தாலும், பட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். டைப் 2 சர்க்கரையும், ரத்தக் குழாய் அடைப்பால் வரும் இதய நோயும், அந்தக் களைக்கொல்லியால் வந்ததாக விஏ எடுத்துக்கொள்ளும் நோய்களின் பட்டியலில் உண்டு. பாக்ட் சட்டம் ரத்தக் கொதிப்பையும் சேர்த்தது. மாமாவுக்கு எந்த வகை இதய நோய் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எதிர்வீட்டுப் பெரியவர் தரைப்படையில் இருந்தவர், தனியாக இருக்கிறார், அவருக்கு நான்தான் தபால் படித்துக் கொடுப்பேன். டிடி 214-ல் வியட்நாம் சர்வீஸ் மெடல் என்று தெளிவாக இருக்கிறது. அப்படியிருந்தும் வியட்நாம் மண்ணில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டு விஏவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மெடலே போதாதா? – வாசகர், டாலஸ்

பதில்: போதாது. கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் இதில் அவர்கள் கேட்பது சரிதான். அந்த மெடலை தாய்லாந்து, லாவோஸ், கம்போடியாவிலிருந்து வியட்நாம் போருக்கு நேரடியாக உதவியவர்களுக்கும் கொடுத்தார்கள், கடலில் கப்பலில் இருந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். தேசியப் பாதுகாப்பு மெடலோ அந்தக் காலத்தில் டெக்சாஸை விட்டு நகராதவர்களுக்கும் கிடைத்தது. வெளிநாட்டுச் சேவைக் கட்டத்தில் யூஎஸ்ஆர்பேக் என்று இருந்தாலும் அது பசிபிக் பகுதி முழுவதையும் குறிக்கும், கொரியாவும் ஒகினாவாவும் அதற்குள்தான் வரும்.

டிடி 214-ல் குறிப்புகள் என்ற பகுதியைப் பாருங்கள், வியட்நாம் என்று தேதியோடு டைப் அடித்திருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் யூனிட்டின் பெயர் வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவிலும் தினமும் மார்னிங் ரிப்போர்ட் எழுதினார்கள், யார் புதிதாக வந்தார், யார் போனார், யார் ஆஸ்பத்திரியில் என்று. யூனிட்டும் உத்தேசமான மாதமும் தெரிந்தால் செயின்ட் லூயிஸில் அதைத் தேடச் சொல்லலாம்.

அவரிடம் சீருடையோடு எடுத்த பழைய போட்டோ இருக்கிறதா? வலது கையின் கீழ்ப் பகுதியில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, தங்க நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள் தெரிகிறதா பாருங்கள். போர்ப் பகுதியில் ஆறு மாதத்துக்கு ஒரு கோடு. இரண்டு கோடு இருந்தால் ஒரு வருடம். இடது கையில் சாய்வாக இருப்பது வேறு, அது மொத்தச் சேவைக் காலத்துக்கு. போட்டோ மட்டும் தனியாக நிற்காது, மற்ற ஆதாரத்தோடு சேர்த்துக் கொடுத்தால் பலம். விஏ கடிதத்தில் கடைசித் தேதி போட்டிருப்பார்கள், அது தாண்டுவதற்குள் கையில் இருப்பதை அனுப்பிவிடுங்கள். நீங்கள் அவருக்குத் தபால் படித்துக் கொடுப்பது பெரிய காரியம், விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் கோயம்புத்தூர்க்காரன். படிக்க வந்த இடத்தில் மாவ்னி திட்டத்தில் தமிழ் மொழிக்காக ராணுவத்தில் சேர்ந்தேன். ஆப்கானிஸ்தானில் எட்டு மாதம் இருந்தேன். வெளியே வரும்போது அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், டிடி 214-ல் ஆப்கானிஸ்தான் என்ற பெயரே இல்லை. கையெழுத்துப் போட்டதால் இனி எதுவும் செய்ய முடியாதா? – வாசகர், நியூஜெர்ஸி

பதில்: செய்யலாம் தம்பி, கையெழுத்து ஒரு தடையே இல்லை. தெரியாத வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: 2008-இல் அறிவித்த மாவ்னி திட்டத்தில், கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காகவும் மருத்துவத் திறமைக்காகவும் படையில் எடுத்தார்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் காலத்துப் படிவத்தில் 12எஃப் கட்டத்தில் மொத்த வெளிநாட்டுச் சேவையும், 18-ஆம் கட்டத்தில் எந்த நாடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும் வர வேண்டும். 13-இல் ஆப்கானிஸ்தான் மெடல் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒன்று விட்டுப்போனால் மற்றதும் விட்டுப்போயிருக்கும். உங்களுக்கு ஒரு வசதி, ஆதாரமெல்லாம் சமீபத்தியது. சம்பளச் சீட்டில் அபாயப் பகுதிப் படி மாதம் 225 டாலர் வரை ஏறியிருக்கும், அந்த மாதங்களே சாட்சி. அந்த வருட டபிள்யூ-2 (வருமான வரிக்கான சம்பளச் சீட்டு) எடுத்துப் பாருங்கள், 12-ஆம் பெட்டியில் க்யூ என்ற எழுத்தோடு ஒரு தொகை இருந்தால் அது வரி விலக்குப் பெற்ற போர்ப் பகுதிச் சம்பளம். இவற்றோடு டிப்ளாய்மென்ட் உத்தரவையும் மெடல் சான்றிதழையும் சேர்த்து, முதலில் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கிற தரைப்படை மனிதவளத் தலைமையகத்துக்கு எழுதி டிடி 215 கேளுங்கள். இப்படிப்பட்டது பல சமயம் வாரியம் வரை போகாமலே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் டிடி 149.

இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது, எதற்கு இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். திறந்தவெளிக் குழிகளில் குப்பை எரித்த புகை, 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் இருந்தவர்களுக்கு வந்த பல புற்றுநோய்கள், மூச்சுக் கோளாறுகள் எல்லாம் அதே பாக்ட் சட்டத்தில் வருகின்றன. இருபது வருடம் கழித்து ஹூஸ்டன் மாமா மாதிரி உறையைத் தேடிக்கொண்டு இருக்க வேண்டாம். உங்களோடு அங்கே இருந்தவர்களின் போன் நம்பர் இன்று கையில் இருக்கும், அதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: என் கணவரின் தாத்தா கொரியப் போரில் இருந்தவர், 1953-இல் தரைப்படையிலிருந்து வந்தார், இப்போது இல்லை. மாமியார் தன் அப்பாவின் பேப்பரில் கொரியாவைச் சேர்க்க ஆசைப்படுகிறார். எழுதிக் கேட்டதற்கு ஆவணம் தீயில் எரிந்துபோயிற்று என்று பதில் வந்தது. அவ்வளவுதானா? – வாசகி, சிகாகோ

பதில்: 1973 ஜூலை 12-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் மையத்தில் பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம். நகல் எதுவும் எடுத்து வைக்கவில்லை. ஆனால் எரிந்தது ஆளுடைய கோப்பு, அவரைப் பற்றிய எல்லாப் பேப்பரும் இல்லை. என்ஏ 13075 என்ற படிவத்தில் யூனிட், இடம், தேதி எல்லாம் தெரிந்தவரை நிரப்பிக் கொடுத்தால், கடைசிச் சம்பள ரசீது, மார்னிங் ரிப்போர்ட் மாதிரி வேறு இடத்தில் இருந்தவற்றை வைத்துச் சேவையை உறுதி செய்ய முயற்சிப்பார்கள். ஓரம் கருகித் தப்பித்த கோப்புகளும் நிறைய இருக்கின்றன, அதில் அவருடையது உண்டா என்று கேளுங்கள். விலகி 62 வருடம் ஆகிவிட்டதால் அது பொது ஆவணம், யாரும் கேட்கலாம், ஆனால் நகலுக்குக் கட்டணம் உண்டு.

இன்னொரு இடம் பலருக்குத் தோன்றாது. அவர் போரிலிருந்து திரும்பி வந்து எந்த ஊரில் குடியேறினாரோ அந்தக் கவுண்டி கோர்ட் ஹவுஸ். அந்தத் தலைமுறை ஆட்கள் வீடு வந்ததும் டிஸ்சார்ஜ் பேப்பரைக் கொண்டுபோய் அங்கே பதிவு செய்துவிடுவார்கள், நம் ஊரில் பத்திரம் பதிவது போல. அது தடித்த பதிவேட்டில் அப்படியே இருக்கும். டிடி 149 போடுவதென்றால் தாத்தாவின் இறப்புச் சான்றிதழோடும், மகள் என்பதற்கான சான்றோடும் மாமியார் பெயரில் போடுங்கள்.

கேள்வி: டிடி 214 திருத்தி, விஏ பணமும் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? திருத்தினால் புது 214 வருமா? – வாசகர், அட்லாண்டா

பதில்: கொடுக்காதீர்கள். நான் மேலே சொன்ன படிவங்களைத் தாக்கல் செய்ய ஒரு காசு கட்டணம் கிடையாது. விஏவுக்கு முதல் தடவை விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கப் பணம் வாங்குவதைக் கூட்டரசு விதி அனுமதிப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற வக்கீல்கூட முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் வாங்க முடியும். பெரும்பாலான கவுண்டிகளில் படைவீரர் சேவை அதிகாரி இருக்கிறார், அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ, டிஏவி போன்ற படைவீரர் சங்கங்களிலும் அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், எல்லாரும் இலவசமாகவே செய்வார்கள்.

பொதுவாகப் புது 214 வராது. பழையது அப்படியே இருக்கும், திருத்தம் டிடி 215 என்ற தனிப் பேப்பராக வரும். இரண்டையும் எப்போதும் சேர்த்தே கொடுக்க வேண்டும், தனியாகக் கொடுத்தால் மறுபடி அதே சைபரைத்தான் பார்ப்பார்கள். கவுண்டியில் பதிவு செய்வதானால் இரண்டையும் பதியுங்கள். ஆனால் அதற்கு முன் கிளர்க்கிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: இதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாமா என்று. பழைய படிவங்கள் பலவற்றில் சோஷியல் செக்யூரிட்டி எண் முழுவதும் இருக்கும்.